கச்சேரிக் கூட்டத்திலிருந்து ஜெனீவா வரை: உலக சுகாதார இராஜதந்திரம் கற்க விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு

2016 செப்டம்பர் 5 அன்று, இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அது சின்னச் செய்தி இல்லை. குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிற தலைமுறை நாங்கள். 1999 இல் மட்டும் நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. அந்த நிலையிலிருந்து இறங்கி, சான்றிதழுக்கு முன் கடைசி உள்ளூர் நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில்.

சான்றிதழ் வந்த அதே ஆண்டு முடிவதற்குள் மன்னார்த் தீவின் கிணறுகளில் அதுவரை இலங்கையில் காணாத ஒரு நுளம்பு அகப்பட்டது. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் இது. காட்டோடை தேடிப் போகாமல் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டில் இது 2012 இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020 இல் அந்த எண்ணிக்கை 73,000ஐத் தாண்டியது.

மன்னாரில் அப்படி நடக்கவில்லை. கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக் குடம்பி தேடியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் நடுவே நுளம்புக்கும் காய்ச்சலுக்கும் கடவுச்சீட்டு இல்லை. அந்தக் கரையில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டு அறிய வேண்டும். மருந்தும் நிபுணரும் எங்கிருந்து வரும், செலவை யார் ஏற்பது, தகவலை எத்தனை மணித்தியாலத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை எல்லாம் நாடுகள் உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் உலக சுகாதார இராஜதந்திரம் என்று பெயர்.

இதை ஒரு தொழிலாகப் படிக்கலாம் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, மருத்துவபீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல் போனால் சுகாதாரத்துறைக் கதவே மூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். கலைப்பிரிவில் படித்தவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கனவே தாதியாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, வைத்தியராக இருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதல் படி: இது என்ன வேலை என்று விளங்கிக்கொள்ளுங்கள்

1851 இல் பாரிஸில் முதலாவது சர்வதேச சுகாதார மாநாடு நடந்தது. கப்பலோடு கொலராவும் துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டிருந்த காலம். கப்பலை மறித்து வைத்தால் வியாபாரம் கெடும், விட்டால் சனம் சாகும். 12 நாடுகள் வந்தன. ஒவ்வொரு நாடும் இரண்டு பேரை அனுப்பியது: ஒருவர் வைத்தியர், ஒருவர் இராஜதந்திரி. வைத்தியருக்கு நோய் தெரியும், மற்றவருக்குப் பேரம் தெரியும். இன்று இந்தத் துறைக்கு ஆள் பயிற்றுவது என்றால், அந்த இரண்டு பேரின் அறிவையும் ஒரே ஆளுக்குள் கொண்டு வருவதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை கூடும். அதற்கு முன் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ 34 பேர் கொண்ட நிர்வாக சபை கூடி நிகழ்ச்சி நிரலைச் செதுக்கும். இலங்கை அந்த நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் இருக்கிறது, அதன் தலைமையகம் புதுடில்லி. இந்தப் பிராந்தியத்துக்கு 1968 முதல் 1981 வரை பணிப்பாளராக இருந்தவர் இலங்கையரான வைத்தியர் குணரத்ன. அதற்கு முதல் ஆண்டு, 1967 இல், உலக சுகாதாரப் பேரவைக்கே அவர்தான் தலைவர். சின்ன நாட்டுக்காரர் அந்த மேசையில் உட்கார முடியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வன்னிக்கு இந்த வேலை புதிது என்றும் நினைக்க வேண்டாம். பெயர்தான் புதிது. தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. யுனிசெப் நடுவில் நின்று பேசிப் பெற்ற அமைதி நாட்கள் அவை. எல் சல்வடோரில் 1985 இல் இதே முறையில் தடுப்பு மருந்து கொடுத்திருந்தார்கள், அந்த அனுபவம் இங்கே வந்தது. பிறகு 2009. பெப்ரவரி முதல் மே வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயக்காரரையும் நோயாளரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவை கப்பல் கரையை நெருங்குவதற்கும் இரு பக்கமும் உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. அந்த உத்தரவாதம் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் இந்தத் துறையை மதிப்பதும் இதனால்தான். ஒரு கடதாசியில் ஒரு வரி இருப்பதும் இல்லாமல் போவதும் எத்தனை உயிர் என்று நாங்கள் கண்ணால் கண்டவர்கள்.

இரண்டாம் படி: உங்கள் ஊர்க் காய்ச்சல் ஜெனீவாவுக்குப் போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பலர் நேரே உலக ஒப்பந்தங்களைப் படிக்கத் தொடங்கி, மூன்றாவது பக்கத்தில் களைத்துப் போகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து தொடங்கினால் களைப்பு வராது.

மல்லாவியில் ஒருவருக்கு டெங்கு என்று வைத்துக்கொள்ளுவோம். வைத்தியசாலையில் எச் 544 என்ற அறிவித்தல் படிவம் நிரப்புவார்கள். அது அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் (எம்.ஓ.எச்.) போகும். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) வீட்டுக்கு அனுப்புவார். பி.எச்.ஐ. வந்து பூச்சாடி, சிரட்டை, பழைய ரயர் எல்லாம் பார்த்து விசாரணைப் படிவம் எழுதுவார். கிழமைக்கு ஒரு தடவை எச் 399 என்ற திரட்டு கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அங்கே ஏதாவது வழமைக்கு மாறாகத் தெரிந்தால், எல்லை தாண்டிப் பரவக்கூடிய ஆபத்து என்று கணித்தால், 24 மணித்தியாலத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். இதைச் சொல்வது 2005 ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள். அவை 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2024 இல் செய்த திருத்தங்கள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் பிரிவின் எம்.ஓ.எச். அலுவலகத்துக்குப் போங்கள். நோயாளரின் விபரம் எதுவும் வேண்டாம், முறை எப்படி நடக்கிறது என்று மட்டும் அறிய வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் தாமதம் வருகிறது, மழைக்காலத்தில் பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் எந்த ஊருக்குள் போகாது, ஒரு பி.எச்.ஐ.க்கு எத்தனை கிராம அலுவலர் பிரிவுகள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அம்மா ஒருவருடன் ஒரு நாள் நடந்து பாருங்கள். பிற்காலத்தில் கூட்டமொன்றில் யாராவது "24 மணித்தியாலம் போதும்" என்று இலகுவாகச் சொல்லும்போது, அந்த 24 மணித்தியாலத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

மூன்றாம் படி: கையில் ஒரு அடித்தொழில் வேண்டும்

சும்மா "இராஜதந்திரி" என்று யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. மருத்துவம், தாதியம், பொதுச் சுகாதாரம், சட்டம், பொருளியல், புள்ளிவிபரவியல், கால்நடை மருத்துவம், மொழிபெயர்ப்பு, இதில் ஏதாவது ஒன்றில் நீங்கள் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். சட்டம் படித்தவர்களுக்கு இந்தத் துறையில் நல்ல இடம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மருந்துக் காப்புரிமை பற்றிய 2001 ஆம் ஆண்டு டோஹா பிரகடனத்தைப் போன்ற விடயங்களில் ஒரு வைத்தியரைவிட ஒரு சட்டத்தரணிதான் வேகமாக நீந்துவார்.

பக்கத்திலேயே படிக்க இடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடமும் பொறியியல்பீடமும் இருக்கின்றன. விவசாயம் படிக்கும் பிள்ளை இதை வாசித்தால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எதிர்ப்பு பற்றித் தேடிப் பாருங்கள். கோழிப்பண்ணையில் கொடுக்கும் மருந்தும் ஆஸ்பத்திரி வார்டில் மருந்து வேலை செய்யாமல் போவதும் ஒரே கதையின் இரண்டு முனைகள். அதை நாடுகள் இப்போது ஒரே மேசையில் வைத்துப் பேசுகின்றன.

நான்காம் படி: மொழி

இந்தப் படியில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உத்தியோகபூர்வ மொழிகள் ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு, ரஷ்யன், சீனம். ஆங்கிலம் கட்டாயம். பேச்சு ஆங்கிலத்தைவிட வாசிப்பும் எழுத்தும் முக்கியம். இலக்கணப் பிழை இல்லாமல் ஒரு பக்கம் எழுதுகிறவருக்கு, சரளமாகப் பேசினாலும் எழுத முடியாதவரைவிட மதிப்பு அதிகம். பிரெஞ்சு தெரிந்தால் ஜெனீவாவிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் கதவு திறக்கும். கொழும்பிலும் கண்டியிலும் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் நம்மிடம் அதைவிட நல்ல வசதி ஒன்று உண்டு. வன்னியில் பாரிஸில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அங்கே பிறந்த மச்சான்மார், மச்சாள்மாருடன் கிழமைக்கு இரண்டு தடவை வட்ஸ்அப்பில் பிரெஞ்சில் மட்டும் கதையுங்கள். அவர்களுக்குத் தமிழ் திருந்தும், உங்களுக்குப் பிரெஞ்சு வரும்.

சிங்களத்தை விட்டுவிடாதீர்கள். இதை எழுதும்போது சிலருக்கு மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் இலங்கையின் தூதுக்குழு ஜெனீவாவில் என்ன சொல்ல வேண்டும் என்பது கொழும்பில், சுகாதார அமைச்சின் அறைகளில், பெரும்பாலும் சிங்களத்தில் பேசித்தான் முடிவாகிறது. அந்த அறையில் வன்னியின் தேவையைச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் அந்த ஆளுக்கு அந்த மொழி வேண்டும்.

இனித் தமிழ். 2011 இல் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்தபோது நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராமம். வெளிநாட்டுப் பொறியியலாளர் மலசலகூடம் கட்டும் இடத்தைப் படத்தில் காட்டினார். "இந்த இடம் சரியா?" என்று கேட்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு "பாப்பம்" என்றார்கள். நான் அதை "யோசித்துச் சொல்வார்கள், சம்மதம் போலத்தான் தெரிகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டினார்கள். மாரி வந்தது. அந்த மூலைதான் ஊரில் வெள்ளம் தேங்கும் பள்ளம். குழிகள் நிரம்பின, பிறகு சனம் அந்தக் கூடுகளுக்குள் விறகு அடுக்கியது. "பாப்பம்" என்றால் நம் ஊரில் மரியாதையான "வேண்டாம்". நான் அந்த மண்ணில் பிறந்தவள், எனக்கு அது தெரியும். வேகமாக முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டேன். அந்தப் பெண்களிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு பயிற்சியில் நாடுகளின் பேச்சைக் கேட்டபோது அந்த "பாப்பம்" திரும்பவும் காதில் விழுந்தது. "இதைப் பற்றி எங்கள் தலைநகரத்தைக் கேட்க வேண்டும்" என்று ஒரு பிரதிநிதி சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதைத் தாமதம் என்று எடுத்தார். எனக்கு அது மறுப்பு என்று உடனே விளங்கியது. நீங்கள் வளர்ந்த ஊரின் பேச்சில் யார் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கவனித்துப் பழகுங்கள். கலியாணப் பேச்சு, காணிப் பிரச்சினை, கோயில் கூட்டம், எல்லா இடத்திலும் இதைப் பழகலாம்.

ஐந்தாம் படி: கடதாசியை வாசிக்கப் பழகுங்கள்

ஒப்பந்த வரைவொன்றைத் திறந்தால் சதுர அடைப்புக்குறிகள் நிறைந்திருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது இன்னும் எல்லோரும் ஒத்துக்கொள்ளாத சொல். பேச்சுவார்த்தை என்பது அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலை. இரவு இரண்டு மணிக்கும் அது நடக்கும்.

எந்தச் சொல்லில் எவ்வளவு எடை இருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் "ஷல்" என்று எழுதினால் செய்தே ஆக வேண்டும். "ஷுட்" என்றால் செய்வது நல்லது. "மே" என்றால் விரும்பினால் செய்யலாம். "பொருத்தமானவாறு", "இருக்கும் வளங்களுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் ஒரு வரியின் முடிவில் வந்தால், அந்த வரியின் பாதிப் பலம் போய்விட்டது என்று அர்த்தம். கொவிட் கற்றுத் தந்த பாடத்தால் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றுக்கு நாடுகள் மூன்று ஆண்டுக்கு மேல் பேசின. தடுப்பூசித் தொழில்நுட்பத்தைப் பகிரும் இடத்தில் "பரஸ்பரம் ஒத்துக்கொண்டவாறு" என்ற சொல்லுக்காக இழுபறி. கடைசியில் அந்தச் சொல்லுக்கு ஒரு அடிக்குறிப்புப் போட்டுத்தான் முடித்தார்கள். 2025 மே 19 அன்று பேரவையின் குழுவில் வாக்கெடுப்பு: ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் வாக்களிக்காமல் விலகின. அடுத்த நாள் பேரவை ஏற்றுக்கொண்டது. ஆனால் நோய்க்கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு மருந்தில் என்ன பங்கு என்ற கேள்வியைத் தனி இணைப்பாகப் பிறகு பேசுவோம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அறிய 2007 ஆம் ஆண்டு இந்தோனேசியாவைப் படியுங்கள். பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை நாங்கள் இலவசமாகத் தருகிறோம், அதில் செய்த தடுப்பூசியை எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்கிறீர்கள், இனித் தரமாட்டோம் என்றது அந்த நாடு. நான்கு ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2011 இல் பெருந்தொற்றாகக்கூடிய இன்புளுவென்சா வைரஸ்களுக்கு ஒரு பகிர்வு முறை உருவானது. விதைநெல்லைக் கொடுத்தவன் அறுவடையில் பங்கு கேட்பது நியாயம்தானே.

இந்தக் கடதாசிகள் நம் ஊருக்கு வந்து சேருமா என்று கேட்பீர்கள். மாங்குளம் சந்திக் கடையில் ஒரு சிகரெட் பெட்டியைப் பாருங்கள். 2003 மேயில் ஜெனீவாவில் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கை அதை உறுதிப்படுத்தியது. 2015 இல் பெட்டியின் 80 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் படத்துக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டு வாதம் இருக்கிறது.

பயிற்சி: சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளில் ஒரு பிரிவை எடுத்துத் தமிழில் எழுதுங்கள். "ஷல்" வரும் இடம் எல்லாம் கோடு போடுங்கள். ஒரு மாதத்தில் நான்கு பிரிவு செய்தால் போதும்.

ஆறாம் படி: பேசிப் பழகுங்கள், இரணைமடுவை வைத்து

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்கும் கூட்டத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறீர்களா? இரணைமடுக் குளத்தில் இருக்கிற தண்ணீர் இவ்வளவுதான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒரு கணக்குச் சொல்வார், கமக்காரர் அமைப்புகள் வேறு கணக்குச் சொல்லும், வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவர் குரல் உயர்த்துவார். கடைசியில் எல்லோரும் பாதி மனதோடு ஒரு முடிவுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். ஜெனீவாவில் நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான், கதிரைகள் மட்டும் மெத்தை வைத்தவை.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு போகும் திட்டம் வந்தபோது, சிறுபோகம் போய்விடும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் கெட்டுக்கொண்டிருந்ததும் உண்மை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். அதற்கும் அந்தக் கரை மீனவர்கள் ஆட்சேபம் தெரிவித்திருந்தார்கள்.

இதை வைத்து ஒரு பயிற்சிப் பேச்சுவார்த்தை நடத்துங்கள். பொது நூலக அறையோ சனசமூக நிலையமோ போதும். பத்துப் பேர், மூன்று மணித்தியாலம். இரண்டு பேர் கிளிநொச்சிக் கமக்காரர், இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் குடிநீர் கேட்பவர்கள், இரண்டு பேர் தாளையடி மீனவர், ஒருவர் சுகாதாரத் திணைக்களம், ஒருவர் கடன் தரும் வங்கி, ஒருவர் தலைவர், ஒருவர் எழுதுநர். எழுதுநர் ஒரு பக்க வரைவைச் சுவரில் ஒட்ட வேண்டும். யாராவது ஒரு சொல்லுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ஒரு தடவை பேச மூன்று நிமிடம், அதற்கு மேல் தலைவர் நிறுத்த வேண்டும். நேரம் முடியும்போது அடைப்புக்குறி இல்லாத ஒரு பக்கம் கையில் இருக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை ஒன்று: உங்கள் வீட்டார் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும். கமக்காரர் வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணத்துக் குடிநீருக்காகப் பேசட்டும். முதல் தடவை தமிழில் செய்யுங்கள். இரண்டாம் தடவை அதே விடயத்தை ஆங்கிலத்தில்.

ஏழாம் படி: படிப்பும் பணமும்

இலவசமானதில் தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கற்கைக் கழகம் 2024 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரில் திறந்தது. அதன் இணையவழிப் பாடங்கள் பல இலவசம், கைத்தொலைபேசியிலும் படிக்கலாம். டிப்ளோ பவுண்டேஷன் இராஜதந்திரத்தை இணையவழியில் கற்பிக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் உதவித்தொகை கேட்டு எழுதிப் பார்க்கலாம். ஜெனீவாவின் கிராஜுவேட் இன்ஸ்டிடியூட்டில் இலோனா கிக்புஷ் 2008 இல் தொடங்கிய உலக சுகாதார மையம்தான் இந்தத் துறையைப் பாடமாக ஆக்கியதில் முன்னோடி.

நாட்டுக்குள், வைத்தியர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சமுதாய மருத்துவம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவனமும் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையமும் டிப்ளோமாக்கள் நடத்துகின்றன.

வெளிநாட்டு முதுமாணிக்குப் பிரித்தானியாவின் செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஒஸ்ரேலியா அவார்ட்ஸ், அமெரிக்காவின் புல்பிரைட் ஆகிய புலமைப்பரிசில்களைப் பாருங்கள். செவனிங்குக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டு ஆண்டு நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டுரையில் பெரிய சொற்களை அடுக்காதீர்கள். இரண்டாம் படியில் எழுதிய கொப்பியைத் திறந்து, மழைக்காலத்தில் பி.எச்.ஐ. போக முடியாத அந்த ஊரைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "சர்வதேச சுகாதாரத் தூதுவர்" என்று சான்றிதழ் தருகிறோம், பதிவுக்கட்டணம் கட்டுங்கள் என்று முகநூலில் வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஐக்கிய நாடுகளின் எந்த அமைப்பும் வேலைக்கோ பயிற்சிக்கோ விண்ணப்பக் கட்டணம் கேட்பதில்லை.

எட்டாம் படி: எங்கே வேலை

உலக சுகாதார நிறுவனத்தின் உள்ளகப் பயிற்சிக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், பட்டப்படிப்பில் இருக்க வேண்டும் அல்லது அண்மையில் அதை முடித்திருக்க வேண்டும். 2020 முதல் உதவித்தொகையும் தருகிறார்கள். அதற்கு முன் கையில் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது எட்டியது. ஜெனீவாவில் அறை வாடகை பயங்கரம். சுவிஸில் சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். கொழும்பில் உள்ள நாட்டு அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஐ.நா. தொண்டர் திட்டத்தில் வீட்டிலிருந்தே இணையவழியில் செய்யும் பணிகளும் உண்டு.

வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எடுப்பது சிலரைத்தான், ஆனால் ஜெனீவாத் தூதரகத்தில் இலங்கையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்காருபவர்களில் பலர் அந்த வழியால் போனவர்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழு, யுனிசெப், புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பு போன்றவற்றில் உள்ளூர் ஊழியராகத் தொடங்கி மேலே போனவர்களும் நிறைய. மிதிவெடி அகற்றும் துறையையும் மறக்க வேண்டாம். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா சாசனத்தில் சேர்ந்தது. காலை இழந்தவருக்குச் சிகிச்சையும் செயற்கைக் காலும் வாழ்வாதாரமும் பற்றி அதில் கடமைகள் இருக்கின்றன. மிதிவெடி நிறைந்திருந்த முகமாலையைத் தெரிந்த ஒருவர் அதைப் பேசுவதும் தெரியாதவர் பேசுவதும் ஒன்றாகாது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 இல் அமெரிக்கா விலகுவதாக அறிவித்த பிறகு உலக சுகாதார நிறுவனம் செலவையும் ஆட்களையும் குறைத்தது. ஜெனீவா வேலையை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விட வேண்டாம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலோ மாகாண அமைச்சிலோ உங்கள் கதிரையை வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கொழும்பிலிருந்து நிபுணர் குழு ஒன்று வவுனியாவின் சிறுநீரக நோயைப் பற்றிக் கேட்க வரும் நாளில், சரியான ஒரு பக்கக் குறிப்பை எழுதிக் கொடுப்பவரும் இந்தத் துறைக்காரர்தான்.

இன்னொன்று. நம் சனத்திடம் கேள்விக்கொத்துகளோடு வந்தவர்கள் பலர், திரும்பி வந்து பதில் சொன்னவர்கள் குறைவு. ஒருவரின் இழப்பை உங்கள் பேச்சுக்கோ விண்ணப்பத்துக்கோ எடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "பாப்பம்" என்று சொன்னால் அதை விட்டுவிடுங்கள்.

சரி, இந்த மாதம் என்ன செய்வது? அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை உலக சுகாதார நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்குங்கள். நம் ஊருக்குப் பொருந்தும் ஒரே ஒரு தலைப்பைத் தெரிவு செய்யுங்கள். அதில் இலங்கை என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடிய ஒரு கூற்றை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஜனவரியிலோ பெப்ரவரியிலோ நடக்கும் கூட்டத்தை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம், அங்கே காலை பத்து மணி என்றால் கிளிநொச்சியில் பிற்பகல் இரண்டரை. இலங்கைப் பிரதிநிதி பேசும்போது உங்கள் கடதாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னதில் உங்களிடம் இல்லாததையும் உங்களிடம் இருந்து அவர் சொல்லாததையும் குறித்துக்கொள்ளுங்கள்.